ஏழாவது ஆள்

அந்த மாடி வீட்டில் கதவைச் சாத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பொழுது சாய்ந்ததும் சார்ஜன்ட் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நிற்பார். தெருவே அவரை சார்ஜன்ட் என்றுதான் கூப்பிடும். சண்டை முடிந்து நாற்பது வருஷம் ஆயிற்று, அதில் முப்பது வருஷம் பஸ் டிப்போவில் பிரேக் பார்த்தார் என்பதெல்லாம் யாருக்கு வேண்டும்? அவர் போய் நின்றால் வீட்டில் இருக்கிறவர்கள் வரிசையாக எண் சொல்ல வேண்டும். அடுப்படியிலிருந்து மனைவி "ஒண்ணு" என்பாள். நர்ஸ் வேலை பார்க்கும் மகள் தலை வாரிக்கொண்டே "ரெண்டு." மகன் "மூணு." மருமகள் "நாலு." பேத்திதான் அஞ்சு. கடைசியில் அவர் "ஆறு" என்று சொல்லித் தாழ் போடுவார்.

"ஜெயில்ல கூட இந்தக் கெடுபிடி கிடையாதும்மா," என்பாள் மகள்.

"ஒரு எண்ணு சொன்னா வாய் தேஞ்சா போயிடும்? சொல்லிட்டுப் போயேன்டி," என்று மனைவி அடக்கிவிடுவாள்.

ஒருவருக்காக இன்னொருவர் எண் சொன்னால் மட்டும் அவருக்கு ஆகாது. பிள்ளைகளின் சின்ன வயதில் ஒரு நாள், தெருவில் விளையாடிக்கொண்டிருந்த அக்காவுக்காகத் தம்பி "ரெண்டு" சொல்லப்போய், பளாரென்று ஒரு அறை வாங்கினான். அவர் பிள்ளைகளைக் கை நீட்டி அடித்தது அந்த ஒரு தடவைதான். ஆனால் பேத்தி என்று வந்தால் மனிதர் உருகிவிடுவார். நாலு வயது, கூச்சம், வாயே திறக்காது. "பாப்பாவே சொல்லட்டும்," என்று தினமும் ஆரம்பிப்பார். அது அம்மா புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். "நாலு, அஞ்சு" என்று மருமகள் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள். அவரும் போனால் போகிறது என்று விட்டுவிடுவார்.

விடியற்காலையில் எழுந்து ஆறு பேர் ஷூவுக்கும் பாலிஷ் போட்டு, வாசல் ஓரமாக வரிசையில் வைப்பது அவர் வேலை. வெறுங்காலோடு ஒருத்தரும் படி இறங்கக் கூடாது. மகளுக்கு ஷிப்ட் முடியும் நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் குடையோடு நிற்பதும் அவர்தான். குறை சொல்ல வாய் வராத மனிதர்.

பக்கத்து மனையில் அடித்தளம் தோண்ட ஆரம்பித்த வாரம் அது நடந்தது. அன்றைக்கும் எல்லாரும் எண் சொன்னார்கள். அவர் "ஆறு" என்றார். தாழ் விழுவதற்குள், ஷூ வரிசையின் ஓரத்திலிருந்து ஒரு குரல் "ஏழு" என்றது.

இளவட்டக் குரல். ஓடி வந்து மூச்சு வாங்குகிறவன் சொன்ன மாதிரி இருந்தது. மகன் மாடிப்படி முழுக்கத் தேடிவிட்டு வந்தான். "யாருடா விளையாடுறது?" என்று மகள் கத்தினாள். சார்ஜன்ட் திரும்பவே இல்லை. மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"யாருங்க அது? மறைக்காம சொல்லுங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் சண்டையைப் பற்றி வாயைத் திறந்தார். "ஒன்பது பேர் இருந்தோம். எல்லாரும் இந்தப் பக்கம் வந்ததும் பாலத்தைத் தகர்க்கணும். கும்மிருட்டு. எண் சொல்லச் சொன்னேன். ஒன்பதும் வந்துச்சு. தகர்த்துட்டேன். ஏழாவது ஆள் அக்கரையில தண்ணி பிடிக்கப் போயிருக்கான்மா. நான் திட்டுவேன்னு கூட்டாளி அவனுக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கான்."

"ஐயோ!"

"விடியும்போது அக்கரையில நின்னுக்கிட்டு ஏழு, ஏழுன்னு கூப்பிட்டான். நாங்க இருக்கோமான்னு பாக்குறான். பதில் சொன்னா எதிரிங்க மிச்சப் பேரையும் சுட்டுடுவாங்க. நான் வாயைப் பொத்திக்கிட்டுக் கிடந்தேன். வெயில் ஏறினதும் சத்தம் நின்னுடுச்சு."

அதற்கப்புறம் தினமும் அந்தக் குரல் வந்தது. காலையில் ஷூ வரிசையின் கோடியில், ஏழாவது ஜோடி இருக்க வேண்டிய இடத்தில், ஈரமாக இரண்டு பூட்ஸ் தடம் இருக்கும். மழையும் இல்லை, ஒன்றும் இல்லை. மனைவி துடைத்தெடுப்பாள். மறுநாள் மறுபடி இருக்கும். இவரை அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதிலிருந்து சோறு இறங்கவில்லை. ஒரு நாள் அவர் "ஆறு" என்ற கையோடு ஓடி வந்து தாழைப் போட்டாள்.

அவர் முகம் கறுத்துவிட்டது. "ஒரு தடவை வழியை அடைச்சேன். அது போதாதா உனக்கு?" என்று தாழை நீக்கினார். அந்தக் குரல் வரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

பக்கத்து மனையில் தோண்டத் தோண்ட இந்த வீட்டுச் சுவரில் விரிசல் கண்டது. சார்ஜன்ட் விரிசலுக்குக் குறுக்கே காகிதப் பட்டிகளை ஒட்டித் தேதி எழுதி வைத்தார். பட்டி கிழிந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். வீட்டுக்காரரிடம் சொன்னால், "உங்களுக்கு இன்னும் சண்டை ஞாபகம் போகலை சார்," என்று சிரித்தார். சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது?

ஒரு மத்தியானம் மூன்று பட்டியும் ஒன்றாகக் கிழிந்தன. "ஷூவை மாட்டு! இறங்கு!" என்று அவர் போட்ட சத்தத்தில் மற்ற குடித்தனக்காரர்களும் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். படியெல்லாம் புழுதி, யார் முகமும் தெரியவில்லை. தெருவுக்கு வந்ததும் அவர் கையை உயர்த்தினார்.

"ஒண்ணு." "ரெண்டு." "மூணு." மருமகள் இருமலுக்கு நடுவே, பழக்க தோஷத்தில், "நாலு, அஞ்சு" என்றாள். அவர் "ஆறு" என்றார்.

சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. கட்டடத்துக்குள் எங்கோ காரை உதிரும் சத்தம் மட்டும் வந்தது.

"ஏழு வரல," என்றார். சொன்னவர் திரும்பி உள்ளே நடந்தார்.

மனைவி பாய்ந்து சட்டையைப் பிடித்தாள். "என்னங்க, பைத்தியமா உங்களுக்கு? செத்தவனுக்காகச் சாகப் போறீங்களா? எங்களுக்கு யாரு இருக்கா?"

"இன்னொரு தடவை விட்டுட்டு வர முடியாதும்மா." சட்டைப் பொத்தான் அவள் கையோடு வந்தது. அவர் புழுதிக்குள் போய்விட்டார்.

அப்போதுதான் மருமகள் கணவனின் கையைப் பார்த்தாள். "பாப்பா எங்க? உங்ககிட்டதானே இருந்தா?"

"என்ன சொல்ற? உனக்கு முன்னாடி போனாளே!"

முன்னால் போனது கீழ்வீட்டுக் குழந்தை. மருமகள் போட்ட கூச்சல் இன்னும் அந்தத் தெருவுக்கு மறந்திருக்காது. உள்ளே ஓடப்போன மகனை நாலு பேர் சேர்ந்து இழுத்துப் பிடித்தார்கள். மனைவி பொத்தானை இறுக்கிப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரையும் குழந்தையையும் சேர்த்து வாரிக்கொண்டு போகப்போகிறான் அந்தப் பாவி என்று நினைத்தாள்.

குழந்தையை மார்போடு அணைத்தபடி அவர் வெளியே வந்தார். அவர் கேட்டைத் தாண்டவும் மாடிப்படி மொத்தமும் திடுதிடுவென்று உள்ளே சரிந்தது.

ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கூச்சக்காரக் குழந்தை வாய்விட்டு, "அஞ்சு!" என்றது.

"ஷூ போடாம வரக் கூடாதுல்ல தாத்தா? அதான் திரும்பிப் போனேன். எனக்குக் கட்டத் தெரியல. அந்த மாமாதான் கட்டிவிட்டாரு. அவர் கை ஈரமா இருந்துச்சு."

"அவர் எங்க கண்ணு?"

"கதவு விழப் பாத்துச்சு. அவர் பிடிச்சுக்கிட்டாரு. நீங்க வந்து தூக்குற வரைக்கும் பிடிச்சிருந்தாரே, பாக்கலையா?"

குழந்தையின் ஷூ நாடா கணுக்காலை இரண்டு சுற்றுச் சுற்றி, உள்பக்கமாக முடிச்சுப் போட்டிருந்தது. அது பட்டாளத்துப் பூட்ஸ் முடிச்சு; அந்த வீட்டில் அவரைத் தவிர வேறு யாருக்கும் போடத் தெரியாது. சார்ஜன்ட் அந்த முடிச்சைத் தடவித் தடவி, நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதார்.

புது ஜாகை இரண்டே அறை. பொழுது சாய்ந்ததும் எண் சொன்னார்கள். பேத்தி தானாகவே "அஞ்சு" என்றாள். "ஆறு" என்றபின் அவர் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள், தாழ்ப்பாளை நோக்கிப் போன அவர் கை பாதியிலேயே தொங்கிவிட்டது. அந்தக் கையைப் பார்க்க மனைவிக்குப் பொறுக்கவில்லை. எத்தனை நாள் அவனைச் சபித்திருக்கிறாள்! அக்கரையில் நின்று அவன் கூப்பிட்டபோது திரும்ப ஒருத்தரும் கூப்பிடவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

"கொஞ்சம் இருங்க. இன்னும் ஒருத்தர் வரணும்," என்று கதவை அகலத் திறந்தாள். பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடும் அதே குரலில், மாடிப்படியைப் பார்த்துக் கத்தினாள். "ஏழு! எங்கப்பா இருக்க? வா, எல்லாரும் வந்தாச்சு. கதவைச் சாத்தணும்!"

படியில் ஒரு அரவமும் இல்லை. பிறகு ஷூ வரிசையின் கோடியிலிருந்து, மூச்சு வாங்காமல், நிதானமாக வந்தது.

"ஏழு."

அன்றைக்குத் தாழ்ப்பாளை அவள்தான் போட்டாள்.