கப்பலில் வரும் கியர்பாக்ஸ்

தாம்பரத்தில் க்ளட்ச் இல்லாத வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் சிநேகிதன் குப்புராஜுடையது. ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி பாலம் கட்ட வந்து, கட்டிவிட்டோ கட்டாமலோ திரும்பிப் போனபோது ஏலத்தில் தள்ளிய டீசல் பிக்கப். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். முதல்முறை அதை மறித்த போலீஸ்காரர் உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, ஒரு பெடல் திருட்டுப் போயிருக்கிறதே, புகார் கொடுத்தாயா என்று கேட்டார். இப்படி நான் ஊரெல்லாம் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. நான் எதைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். எனக்கு அது வசதியாகவே இருந்தது, தொண்ணூற்று நாலு வரை.

குப்புராஜுக்கு அந்த வண்டி ஆடம்பரமில்லை. சர்க்கரை வியாதியில் அவன் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். க்ளட்ச் மிதிக்கக் காலில்லாதவன் க்ளட்ச் இல்லாத வண்டியைத் தேடிப் பிடித்து, சிமெண்டு மூட்டை ஏற்றி வியாபாரம் செய்தான். "கட்டய ஊனிகினு நின்னா பாவம்னு பாக்கறானுங்க. வண்டில குந்திக்கினா வழி வுடறானுங்க" என்பான்.

அந்த வருஷம் வண்டிக்குக் கிறுக்குப் பிடித்தது. ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று கீழ் கியருக்கு விழுந்து அலறும், மறுபடி ஏறும், மறுபடி விழும்.

பெருங்களத்தூரில் மெக்கானிக் மாரியின் ஷெட்டுக்குப் போனோம். கியர்பாக்ஸ் எண்ணெயை முகர்ந்தான். கருகல் வாடை இல்லை. அடித்தட்டைக் கழற்றித் துழாவினான். இரும்புத் தூள் இல்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளை மாற்றினான். வேக்குவம் குழாயில் வெடிப்பு இருக்கும் என்று அதையும் மாற்றினான். பிறகு தானே வண்டலூர் வரை ஓட்டிவிட்டு வந்தான். வெண்ணெய் மாதிரி போனது.

"எல்லாம் சரியாகீதுண்ணா."

"உன்னக் கண்டா அதுக்கு பயம்டா" என்று குப்புராஜ் கக்கத்துக் கட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினான். "வா ராஜகோபாலு. நீயே பாரு, அது பண்ற பேஜார."

ரயில்வே கேட்டைத் தாண்டியதும் வண்டி அலறியது. குப்புராஜ் கியர் குச்சியை முறைத்தான். நான் கீழே பார்த்தேன். அவனுடைய வலது பாதம் ஆக்ஸிலேட்டரைத் தரைவரை அழுத்தியிருந்தது. பிறகு மொத்தமாக விட்டது. பிறகு மறுபடி தரைவரை. அழுத்தினால் கியர் இறங்கும், விட்டால் ஏறும்; வண்டி சொன்னபடிதான் கேட்டுக்கொண்டிருந்தது. எதிரே பல்லவன் பஸ் நின்றது. பாதம் பிரேக்கைத் தேடியது. பெடலின் விளிம்பில் பட்டு வழுக்கியது. மறுபடி தேடியது. பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஒரு குழந்தை எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் பால்பற்களை நான் எண்ணும் தூரத்தில் வண்டி நின்றது.

"பிரேக்கும் பூட்ச்சு போலகீது" என்றான் குப்புராஜ்.

ஊர்ந்துகொண்டே ஷெட்டுக்குத் திரும்பினோம். எஞ்சினை அணைத்ததும் சொன்னேன்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல, குப்பு. உன் கால்தான்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "மாரி, கேட்டுக்கினியா? பெடலு திருடன கண்டுபுட்ச்சிட்டான்! என் காலாம்!"

மாரியும் சிரித்தான். நான் சிரிக்காமல் இருந்தது அவர்களுக்கு இன்னும் சிரிப்பாக இருந்தது. பொய்யைச் சொல்லும்போதும் என் முகம் அப்படித்தானே இருக்கும்.

"உன் செருப்பு எங்க?" என்றேன்.

"கால்ல கீது."

"எங்கன்னு கேட்டேன்."

"கால்லதான்யா கீது! என் கால்ல செருப்பு கீறது எனுக்குத் தெரியாதா?"

மாரி சிரிப்பதை நிறுத்தினான். நாங்கள் வண்டி ஏறிய இடத்தில், எண்ணெய்க் கறைக்கு நடுவே, ஒற்றைச் செருப்பு கிடந்தது.

குப்புராஜ் அதைப் பார்த்தான். பிறகு குனிந்து தன் வெறும் பாதத்தைப் பார்த்தான். கட்டைவிரலை நகத்தால் கிள்ளினான். இன்னும் பலமாகக் கிள்ளினான்.

"கொஞ்ச நாளாவே பஞ்சு மேல நடக்கற மாதிரிதான் கீது" என்றான்.

மாரி செருப்பை எடுத்து, வேட்டித் துணியால் துடைத்து, அவன் காலில் மாட்டிவிட்டான். மாட்டியது தெரிந்ததா என்று நாங்கள் கேட்கவில்லை.

சாவியை என் கையில் வைத்தான் குப்புராஜ். "கியர்பாக்ஸ் பூட்ச்சுன்னு சொல்லிடு ராஜகோபாலு. என் வூட்லயும் அதயே சொல்லு."

"நான் சொன்னா எவன் நம்புவான்?"

"இத நம்புவானுங்க."

நம்பினார்கள். என் ஆயுளில் ஊர் நம்பிய ஒரே சங்கதி அது. அவன் மனைவி கங்கையம்மாள் மட்டும், வேறு கியர்பாக்ஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். ஜெர்மனியில் சொல்லியிருக்கிறது, கப்பலில் வருகிறது என்றேன். அதையும் நம்பினாள்.

வண்டி வேப்பமரத்தடியில் தார்ப்பாய்க்குள் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் குப்புராஜும் அதில் ஏறி உட்காருவோம், அவன் ஸ்டியரிங் பக்கம், நான் இந்தப் பக்கம். அவன் ரோட்டைப் பார்ப்பது போலத் தார்ப்பாயைப் பார்ப்பான்.

"கப்பல் எங்க வந்துகினுகீது?"

"ஏடன்ல நிக்குது. ஒரு திமிங்கிலம் குறுக்க படுத்திருக்காம். எழுந்தாத்தான் வழி."

"அத எழுப்பச் சொல்லாத" என்றான் குப்புராஜ். "தூங்கட்டும்."