வட்டமாய்ப் போட்ட நாற்காலிகள்

"வியாழக்கிழமை, மத்தியானம் ரெண்டு மணி," என்றார் ஹார்மென் தொலைபேசியில். "உனக்கு வேற ஏதும் இருக்கா?"

ரின்ஸே டைரியைப் புரட்டினார். அந்த நாட்டில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். யாராவது ஒரு கிழமையைச் சொன்னால் போதும், கை தானாக டைரிக்குப் போய்விடும். வியாழக்கிழமைக்கு நேராக அவருடைய கையெழுத்திலேயே ஒன்று எழுதியிருந்தது. யோசிக்காமல் அதை வாசித்தும் விட்டார்.

"ரெண்டேகாலுக்குப் பல் டாக்டர் இருக்கே, அண்ணே."

மறுமுனையில் அண்ணன் மூச்சு வாங்குவது கேட்டது.

"மாத்த முடியுமா?"

"ஒரு நாள் முன்னாடி சொன்னா மாத்தித் தருவாங்க."

"அப்போ சொல்லிடு. என்னோடத மாத்துறது கொஞ்சம் கஷ்டம்."

போனை வைத்த பிறகுதான் ரின்ஸேக்கு உறைத்தது. கூடப் பிறந்தவன் சாவதற்கு நாள் குறித்துச் சொல்கிறான், அதற்குக் கடைவாய்ப் பல்லைக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம். அறுபத்தெட்டு வயதில் இதைவிட அழகாக ஒருவன் பேச முடியாது என்று தன்னையே மெச்சிக்கொண்டார். பிறகு பென்சிலால் பல் டாக்டரை அடித்தார். அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. வெகுநேரம் கழித்து 'ஹார்மென், 2 மணி' என்று எழுதினார். இருவரும் மீன் பிடிக்கப் போகிற நாட்களிலும் அப்படித்தான் எழுதுவார்.

கணையத்தில் புற்று. மார்ச்சில் கண்டுபிடித்தார்கள். ஆகஸ்டுக்குள் ஹார்மென் பாதியாகிவிட்டார். அந்த நாட்டுச் சட்டம் இடம் தருகிற கடைசி ஊசியை, ஏப்ரலிலேயே அவர் குடும்ப டாக்டரிடம் கேட்டுவிட்டார். டாக்டர் டெர்ப்ஸ்ட்ரா எடுத்தவுடன் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நாலைந்து முறை வீட்டுக்கு வந்து, ஒரே கேள்வியை வேறு வேறு பக்கத்திலிருந்து கேட்டார். வலி தாங்காமல் கேட்கிறாரா, வீட்டாருக்குப் பாரமென்று நினைத்துக் கேட்கிறாரா, யாராவது சொல்லிக்கொடுத்துக் கேட்கிறாரா. பிறகு, சட்டப்படி, முன்பின் தெரியாத இன்னொரு டாக்டர் வெளியூரிலிருந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். அந்தத் தெருவுக்கு இது புதிதல்ல. ஏற்கெனவே இரண்டு பேர் இந்த வழியில் போயிருந்தார்கள். ஹார்மெனின் மனைவி வீப்கே அழுதுவிட்டுச் சம்மதித்தாள். மகள் ஃபென்னா சண்டை போட்டுவிட்டுச் சம்மதித்தாள். ரின்ஸே மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை. தம்பியின் சம்மதம் வேண்டுமென்று எந்தப் படிவத்திலும் இல்லை.

ஆனால் ஹார்மென் கேட்டார்.

"நீ கையெழுத்தெல்லாம் போட வேண்டாம்டா. 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. அது போதும் எனக்கு."

"உன் தூண்டிலை எல்லாம் யாருக்குக் குடுக்கப் போற?"

"பாத்தியா வீப்கே," என்றார் ஹார்மென் மனைவியிடம். "என்ன கேட்டேன், என்ன சொல்றான் பாரு."

"அவரு என்னைக்கு நேராப் பதில் சொல்லியிருக்காரு?" என்றாள் வீப்கே. "என்னைப் பொண்ணு பாக்க உங்க கூட வந்தப்பவே, எங்க அம்மாகிட்ட நாயோட வயசைக் கேட்டவரு."

அதன் பிறகு மாதத்துக்கு ஒருமுறையாவது அந்தக் கேள்வி வந்தது. ஒவ்வொரு முறையும் ரின்ஸே ஒரு வேடிக்கையைச் சொல்லித் தப்பித்துக்கொண்டார். கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்றால் அதற்கும் தகுதியில்லை. அவர் கடைசியாகத் தேவாலயத்துக்குள் போனது, கூரை எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க. உண்மைக் காரணம் வேறு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ரின்ஸே கால்வாய்ப் பாலத்தின் காவலராக இருந்தவர். முப்பத்தொன்பது வருடம் அதுதான் வேலை. படகு வந்து ஊதினால் சாலையை மறித்துப் பாலத்தைத் தூக்க வேண்டும், படகு போனதும் இறக்க வேண்டும். பாலத்தை ஒட்டிய வீட்டில்தான் அப்பாவும் கடைசி நாட்களில் படுத்திருந்தார். 1983, செப்டம்பர். தொண்டையில் புற்று. சட்டமெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பு. ஒரு நாள் காலையில் அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, குரல் இல்லாத குரலில், "போதும்டா. ஏதாவது பண்ணு" என்றார். ரின்ஸேக்கு அப்போது இருபத்தேழு வயது. "படகு வருதுப்பா, பாலத்தைத் தூக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினார்.

படகு எதுவும் வரவில்லை. ஆனாலும் பாலத்தைத் தூக்கினார். இரண்டு பக்கமும் சைக்கிள்காரர்களும் ஒரு பால் லாரியும் நிற்க, ஆளில்லாத தண்ணீருக்காகப் பாலம் கால்மணி நேரம் வானத்தைப் பார்த்து நின்றது. எதற்கென்று லாரிக்காரன் கத்திக் கேட்டான். ரின்ஸே கேட்காதது மாதிரி நின்றார். அப்பா அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தார். மறுபடி கேட்கவே இல்லை. அது இன்னும் மோசம்.

ஹார்மென் செய்வது சரியென்றால், அந்தப் பதினோரு நாள் யார் தலையில் விழும்? இதுதான் அந்த 'சரி'யை ரின்ஸேயின் வாயிலிருந்து வர விடவில்லை.

வியாழக்கிழமை ஒன்றரை மணிக்கு, சவரம் செய்து, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தார். ஹாலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு நாலு பேர் வந்தால் வீப்கேக்கு வேறு மாதிரி நாற்காலி போடத் தெரியாது. நடு மேசையில் காபி, விசேஷத்துக்கு எடுக்கிற நீலக் கோப்பைகள், இளஞ்சிவப்புப் பாகு பூசிய ஆரஞ்சு கேக். அதைச் சதுரம் சதுரமாக வெட்டி, மேலே கொஞ்சம் கிரீமும் வைத்திருந்தாள். ஜன்னலோரக் கட்டிலில், தலையணையில் சாய்ந்து, தலை வாரி, ஹார்மென்.

பிறந்தநாளுக்கு இப்படித்தான் இருக்கும். வருகிறவர் வட்டத்தைச் சுற்றி வந்து, பிறந்தநாள்காரருக்கு மட்டுமல்ல, அவர் மனைவிக்கு, பிள்ளைக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு, எல்லோருக்கும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்ல வேண்டும். ரின்ஸே அறுபது வருடமாகச் செய்கிறார். அன்று அவர் மனம் வாசலிலேயே நின்றுவிட்டது. கை மட்டும் உள்ளே போய்விட்டது.

"வாழ்த்துகள் அண்ணி, உங்க வீட்டுக்காரருக்காக," என்று வீப்கேயின் கையைக் குலுக்கினார். "வாழ்த்துகள்மா ஃபென்னா, அப்பாவுக்காக." அடுத்து, பக்கத்து வீட்டு யெல்லே. "வாழ்த்துகள், யெல்லே."

யெல்லேயின் கையும் பழக்கத்துக்கு அடிமைதான். அவர் பாதி எழுந்து, "உங்களுக்கும், உங்க அண்ணனுக்காக" என்று சொல்லி, சொன்ன பிறகு வாயை மூட மறந்து நின்றார்.

காபிக் குடுவை சொட்டும் சத்தம் கேட்டது. ஃபென்னா சித்தப்பாவைப் பார்த்த பார்வையில், அவர் அப்படியே தரைவிரிப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. பிறகு கட்டிலிலிருந்து ஒரு சத்தம். வலியோ என்று வீப்கே எழுந்தாள். ஹார்மென் சிரித்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய.

"அஞ்சு மாசமா ஒரே ஒரு 'சரி' கேட்டேன். கஞ்சப்பய, குடுக்கல. இன்னைக்கு வாழ்த்தே சொல்லிட்டான். ஊருக்கே சொல்லிட்டான்."

"அண்ணே, நான்..."

"இங்க வா. உக்காரு. மத்தவங்க கேக் சாப்பிடுங்க."

ரின்ஸே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். ஒரு வேடிக்கை தேடினார். நாற்பது வருடத்தில் முதல்முறையாகக் கை காலியாக இருந்தது.

"அப்பா என்கிட்ட கேட்டாரு, அண்ணே. அந்த செப்டம்பர்ல. படகு வருதுன்னு பொய் சொல்லிட்டு நான் பாலத்துக்கு ஓடிட்டேன்."

ஹார்மென் ஜன்னலைப் பார்த்தார்.

"என்கிட்டயும் கேட்டாரு. உன்கிட்ட கேக்குறதுக்கு ஒரு வாரம் முன்னாடி."

"நீதான் அப்போ கப்பல் வேலைக்குத் திரும்பிட்டியே?"

"லீவு இன்னும் பத்து நாள் பாக்கி இருந்துச்சு. கம்பெனி கூப்பிட்டுச்சுன்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டுக் கிளம்பிட்டேன். நீயாவது பாலம் வரைக்கும்தான் ஓடின. நான் பிரேசில் வரைக்கும் ஓடினேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அதனாலதான்டா உங்க யாரையும் 'ஏதாவது பண்ணு'ன்னு கேக்கல. டாக்டரைக் கேட்டேன். பெத்த பிள்ளைகிட்ட கேக்குற விஷயமில்ல இது."

அண்ணன் விட்டுச்சென்ற வாரத்தையும் சேர்த்து இத்தனை வருடம் நாமே சுமந்திருக்கிறோம் என்று ரின்ஸேக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில், கோபப்பட இன்னும் இருபது நிமிடம்தான் இருக்கிறது என்பதும் நினைவுக்கு வந்தது. இருபது நிமிடத்தில் முடிக்கிற கோபமில்லை அது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

இரண்டு மணிக்கு டாக்டர் டெர்ப்ஸ்ட்ரா வந்தார். அன்று வேறு நோயாளி யாரையும் அவர் பார்ப்பதில்லை. மறுநாளும் விடுப்பு. கேக்கை வேண்டாமென்றார், காபியை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"ஹார்மென், கடைசியா ஒரு தடவை கேக்கணும். இப்ப வேண்டாம்னு சொன்னாலும் எனக்கு ஒண்ணுமில்ல. இந்தக் காபியைக் குடிச்சிட்டுக் கிளம்பிடுவேன். நாளைக்கு உங்களைப் பாத்தா சந்தோஷம்தான் படுவேன்."

"தெரியும் டாக்டர். வேணும்னுதான் சொல்றேன். என் வாயாலதான் சொல்றேன்."

"யாராவது ஏதாவது சொல்லணுமா?"

வீப்கே சொல்ல வேண்டியதை முந்தின இரவே சொல்லியிருந்தாள். கணவரின் கையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். ஃபென்னா அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டாள். ரின்ஸே கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"பல் டாக்டர் செவ்வாய்க்கிழமைக்கு மாத்திக் குடுத்துட்டாங்க, அண்ணே."

"ஒழுங்காப் போய்ச் சேரு. சாக்கு சொல்லாத."

டாக்டர் பெட்டியைத் திறந்தார். அப்போது கால்வாயில், பாலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு படகு நீளமாக ஊதியது. ரின்ஸேயின் கால்கள் அசைந்தன. ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் கால்களுக்கு அது தெரியாது.

ஹார்மென் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "படகுடா."

"வரட்டும் அண்ணே. இப்பல்லாம் பாலம் தானாத் தூக்கிக்கும்."

சொல்லிவிட்டு, கம்பளிக்கு மேலாக அண்ணனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். சின்னப் பாதம். மெலிந்து, பள்ளிக்கூடத்துப் பையனுடையது போல ஆகியிருந்தது. ஊசி ஏறுவதை அவர் பார்க்கவில்லை. ஹார்மென் ஒரு கொட்டாவி விட்டார். நல்ல தூக்கம் வருகிறவனின் சாதாரணக் கொட்டாவி. பிடித்த பிடியை விடச் சொல்லி, டாக்டர்தான் பிறகு ரின்ஸேயின் தோளைத் தொட வேண்டியிருந்தது.

இயற்கையாக நடக்காத சாவு என்பதால், நகராட்சி டாக்டர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போக வேண்டும். அதுவரை எல்லோரும் அந்த வட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். யெல்லே மிச்சமிருந்த கேக்கைத் தட்டால் மூடினார். மூன்றே முக்காலுக்கு, கையில் ஃபைலுடன் அந்த நகராட்சி டாக்டர், ஒரு இளம் பெண், உள்ளே வந்தாள். அறையைப் பார்த்தாள், நாற்காலிகளைப் பார்த்தாள். ஃபைலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வட்டத்தைச் சுற்றி வரத் தொடங்கினாள்.

"ஆழ்ந்த வருத்தங்கள், உங்க கணவருக்காக." "ஆழ்ந்த வருத்தங்கள், உங்க அப்பாவுக்காக."

ரின்ஸே எழுந்து நின்றார். உள்ளங்கையில் கம்பளியின் சாம்பல் நிற நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிவிடாமல், கையை நீட்டினார்.