ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணவும்

ஜன்னல் கண்ணாடி போடும் கண்ணாடிக்காரர் வாங்கிய பிக்கப் வண்டியின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் இருந்தன, அவர் வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள், ஆளுக்கு ஒன்று என்பது வண்டி வந்த ஒன்பதாம் நாளே தெரிந்துபோனது. அன்று காலை மகளுக்கு நூற்றுமூன்று டிகிரி காய்ச்சல். வண்டியைக் கிளப்பினால் நிற்கவும் மாட்டாமல் ஓடவும் மாட்டாமல் நொண்டியது. இரண்டு சிலிண்டர்கள் வேலை செய்யவில்லை: ஒன்று காய்ச்சலில் கிடந்த மகளுடையது, இன்னொன்று அவள் தலைமாட்டில் பட்டினியாக உட்கார்ந்திருந்த மனைவியுடையது. மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார், வயரை மாற்றினார், பெட்ரோலை முகர்ந்துகூடப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டு, மகள் பசிக்கிறது என்று சொன்ன அதே நொடியில், வாசலில் பானெட் திறந்தபடி திணறிக்கொண்டிருந்த எஞ்சின் தானாகத் தெளிந்து நான்கிலும் ஓடியது. மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டில ஒண்ணுமில்ல. பிள்ளையப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். ஊரும் அதோடு விட்டுவிட்டது. தையல்காரருடைய ஸ்கூட்டர் அவர் மாமியார் ஏறி உட்கார்ந்தால் கிளம்பாது என்பது எல்லோருக்கும் தெரியும். வண்டி என்றால் அதற்கென்று ஒரு குணம் இருக்கத்தான் செய்யும்.

வண்டி வாங்கிய அன்று இதைவிடப் பெரிய வண்டி ஒன்றும் விற்பனைக்கு நின்றது, ஆறு சிலிண்டர், விற்றவர் அதைத்தான் தலையில் கட்டப் பார்த்தார். கண்ணாடிக்காரரின் மனைவி இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஆறு எதுக்கு? மிச்ச ரெண்டுக்கு ஆளுக்கு எங்க போறது?" என்று கேட்டாள். ஏன் அப்படிக் கேட்டோம் என்று அவளுக்கே தெரியாது. வாங்கிய வண்டி நடுத்தரமானது, காரும் இல்லை, லாரியும் இல்லை. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் உட்காரலாம், அதற்கும் பின்னால் சரக்கு வைக்க ஆறடிக்குத் திறந்த தொட்டி. அந்தத் தொட்டியில் கண்ணாடிக்காரர் கூரை மாதிரி சாய்ந்த மரச்சட்டம் ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் பழைய கம்பளியைச் சுற்றினார். கண்ணாடிகள் அதில் நின்றபடிதான் பயணம் செய்யும். படுக்கவைத்தால் உடையும், நிற்கவைத்தால் தாங்கும். ஆனால் எஞ்சின் நொண்டினால் நின்றாலும் தாங்காது. அந்த நடுக்கம் சட்டத்தில் ஏறி, கண்ணாடி ஓரத்தில் மயிரிழைக் கீறலாகத் தொடங்கி, இரண்டு தெரு தாண்டுவதற்குள் குறுக்கே ஓடிவிடும்.

ஆகவே வீட்டில் நான்கு பேரும் நன்றாக இருக்கிற நாளில்தான் பெரிய கண்ணாடி ஏற்றுவது என்று வழக்கமாயிற்று. காலையில் வண்டியைக் கிளப்பிவிட்டு நான்கு பேரும் பானெட்டைச் சுற்றி நிற்பார்கள். சண்டை இருந்தால் அங்கேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை மஞ்சள் சட்டையில் சாயம் ஏறியது யாரால் என்று மனைவிக்கும் மகளுக்கும் தகராறு. மருத்துவமனைக்குப் போக வேண்டிய பதினாறு ஜன்னல் கண்ணாடிகள் சுவரில் சாய்ந்து காத்திருக்க, அம்மா ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் நின்று, எஞ்சின் சத்தத்தில் கத்திக் கத்தியே சமாதானம் ஆனார்கள். நான்காவது ஆள் கண்ணாடிக்காரரின் தங்கை. கல்யாணம் ஆகாதவள், அண்ணன் வீட்டோடு இருந்தாள், கடைக்கு அளவெடுக்கிற வேலை அவளுடையது. வீடு வீடாக டேப்போடு போய் அவள் எழுதிக்கொண்டு வருகிற அளவு நூல் பிசகாது. சாயத் தகராறு நடந்தபோது அவள் சத்தமே இல்லாமல் உள்ளே போய் அந்தச் சட்டையை எடுத்து அலசிக் காயப்போட்டுவிட்டு வந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

இதில் கண்ணாடிக்காரர் ஒரு தப்புச் செய்திருந்தார். நான்கு சிலிண்டர்களும் முன்னும் பின்னுமாக ஒரே வரிசையில் இருந்தன. ஓட்டுகிறவன் நான், எனக்குப் பக்கத்தில் இருப்பதுதானே முதலாவது என்று ஸ்டீயரிங் பக்கத்திலிருந்து எண்ணி, முதலாவது தான், இரண்டாவது மனைவி, மூன்றாவது மகள், முன்கோடியில் இருக்கிற நான்காவது தங்கை என்று வைத்துக்கொண்டார். பதினோரு வருஷம் இந்தக் கணக்கே ஓடியது. தப்பு வெளியே வர வழியும் இல்லை. நடுவில் இருந்த இரண்டும் எப்போதும் சேர்ந்தே நின்றன. மகளுக்கு உடம்பு முடியவில்லை என்றால் மனைவிக்குச் சோறு இறங்காது, மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் மகள் புத்தகத்தைத் திறக்க மாட்டாள். இரண்டு கோடியிலும் இருந்தவை நின்றதே இல்லை. கண்ணாடிக்காரர் தும்மிக்கூட யாரும் பார்த்ததில்லை, தங்கையோ அதுவரை தனக்கென்று ஒன்றை ஆசைப்பட்டதே இல்லை. மெக்கானிக்கும் எண் சொல்கிற ஆள் அல்ல. கெட்டுப்போன சிலிண்டரை ஸ்பானரால் தட்டி "இது" என்பார், அவ்வளவுதான்.

பதினோராம் வருஷம் நில அளவைக்காரர் ஒருவர் மேசைக் கண்ணாடி உடைந்துவிட்டது என்று கடைக்கு வந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர், அவர் சொல்வதைக் கேட்க எதிரே இருப்பவர் குனிய வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று முறை அவருடைய மேசைக் கண்ணாடி உடைந்தது, மூன்று முறையும் வந்து அளவெடுத்துக்கொண்டு போகும்படி கேட்டுக்கொண்டார். மேசையின் அளவு மாறப்போவதில்லை என்பது தங்கைக்குத் தெரியும். இருந்தும் மூன்று முறையும் தலையைச் சீவிக்கொண்டு டேப்போடு போனாள். மூன்றாம் முறை அவர் கேட்டேவிட்டார். ஐந்தாறு மாதத்தில் தனக்கு ஒன்பது மணி நேரத் தொலைவில் உள்ள ஊருக்கு மாற்றல், கூட வருகிறீர்களா என்று. அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனையில் தூக்கம் வராமல் கிடந்துவிட்டு, காலையில் சொல்லிவிடுவோம் என்று வாசலுக்கு வந்தாள். அன்றைக்கென்று பார்த்து வண்டி நொண்டியது.

மெக்கானிக் வந்து ஸ்டீயரிங் பக்கத்துச் சிலிண்டரைத் தட்டி "இது" என்றார். கண்ணாடிக்காரரின் கணக்கில் அது அவருடையது. பதினோரு வருஷத்தில் அது நின்றதே இல்லை. அவர் பானெட்டை மெதுவாக மூடிவிட்டு, தங்கையின் தலையில் கையை வைத்து, "எனக்கு நாள் நெருங்கிடுச்சும்மா. அண்ணியத் தனியா விட்டுடாத" என்றார். வாய் வரைக்கும் வந்ததை அவள் விழுங்கிவிட்டாள்.

அதன்பிறகு ஐந்து மாதம் அந்த வீட்டில் கண்ணாடிக்காரர் செத்துக்கொண்டிருந்தார். வைத்தியர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இந்த வயசுல இப்படி ஒரு நெஞ்ச நான் பாத்ததில்ல" என்றார். கண்ணாடிக்காரர் அதைக் கெட்ட செய்தியாக எடுத்துக்கொண்டார். மனைவி தினமும் சூப்பு வைத்தாள், கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த மகள் கால் பிடித்துவிட்டாள், நோயாளிக்கு ஐந்து கிலோ எடை கூடியது. வைரக் கட்டரை மகள் எடுத்துக்கொள்ள வேண்டும், தன் நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட வேண்டும், தன்னை இந்த வண்டியில்தான் எடுத்துப்போக வேண்டும், அந்தச் சட்டத்தில் நிற்கவைத்துக் கட்டிவிடாதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவைத்தார். எல்லோரையும்விட அதிகமாக அவரைப் பார்த்துக்கொண்டவள் தங்கைதான். நில அளவைக்காரரிடம், "அண்ணன் இப்படிக் கெடக்கறப்ப நான் எப்படிங்க வர்றது?" என்று சொல்லிவிட்டாள். அவர் காத்திருக்கிறேன் என்றார், ஆனால் மாற்றல் உத்தரவு காத்திருக்காதே. அவளுக்கு ஏக்கம் கூடக் கூட அந்தச் சிலிண்டர் அடங்கியது, சிலிண்டர் அடங்க அடங்க இவர் தன் சாவை நினைத்து அழுதார், இவர் அழுவதைப் பார்த்து அவள் இன்னும் உருகினாள். ஏற்றிய கண்ணாடி எல்லாம் விரிசல் விட்டது. பள்ளிக்கூடத்து ஜன்னல்கள் மட்டும் ஏழு போயின.

அந்த நேரத்தில் மெக்கானிக்குக் கண் மங்கி, பட்டறையை மருமகளிடம் விட்டுவிட்டார். மருமகள் முறையாகப் படித்துவிட்டு வந்தவள், எதையும் எண் போட்டுத்தான் பேசுவாள். நில அளவைக்காரர் கிளம்ப இன்னும் பதினோரு நாள் இருந்தபோது கண்ணாடிக்காரர் வண்டியை நொண்ட நொண்ட அவளிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

"எதுண்ணே மிஸ்ஸாகுது?"

"முதலாவதும்மா," என்றார், எல்லாவற்றுக்கும் தயாராகிவிட்ட குரலில்.

அவள் பிளக் வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். "முதலாவதுக்கு என்ன கேடு? அது பாட்டுக்குக் கிண்ணுனு இருக்கு. நாலாவதுதான் படுத்துக்கிச்சு."

"ஸ்டீயரிங் பக்கம் இருக்கறதுதானேம்மா முதலாவது?"

"யார் சொன்னா உங்களுக்கு? முன்னாடி, ரேடியேட்டர் பக்கத்துலேர்ந்து எண்ணணும்ணே. இத்தன வருஷம் தலைகீழா எண்ணிக்கிட்டு இருந்தீங்களா?" அவள் எஞ்சின் மூடியில் படிந்திருந்த கிரீஸை விரலால் வழித்துவிட்டாள். அடியில் எண்கள் பொறித்திருந்தன: ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. சிலிண்டர்கள் வெடிக்கிற வரிசை அது என்றாள். கண்ணாடிக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேச்சும் இந்த வரிசையில்தான் போகும். முதலில் அவர் ஏதாவது சொல்வார், மகள் மறுப்பாள், தங்கை நடுவில் புகுந்து சமாதானம் சொல்வாள், முடிவு மனைவியுடையது. தான் சாகப்போவதில்லை என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்படக்கூட அவருக்கு வாய்க்கவில்லை. ஐந்து மாதமாகத் தங்கச்சிக்கு ஏதோ ஒன்று நடந்திருக்கிறது, அவள் கையாலேயே சூப்பை வாங்கிக் குடித்துக்கொண்டு தான் படுத்திருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாகவும் வேதனையாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து, வண்டியை நிறுத்தாமலே இறங்கி, தங்கையைக் கூப்பிட்டு, தான் தலைகீழாக எண்ணியதைச் சொல்லி, உனக்கு என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றுமில்லையண்ணே என்று இரண்டு முறை சொன்னாள். மூன்றாம் முறை வண்டி அவளுக்காக ஒரு இருமல் இருமியது, அவளும் உடைந்துவிட்டாள். "நீ சாகப்போறேன்னு படுத்துக்கிட்ட. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கல்யாணம்னு வந்து நிக்கறது?" என்று கேட்டாள். அதற்குள் மனைவியும் மகளும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தங்கை எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, அதைவிடப் பெரிய பயத்தையும் சொன்னாள். "அவ்வளவு தூரம் நான் போயிட்டா நாலாவது ஓடாதேண்ணே. மூணுல நீ எப்படிக் கண்ணாடி ஏத்துவ?"

"ஓடலேன்னா தலையில தூக்கிட்டுப் போறேன்," என்றார் கண்ணாடிக்காரர். "நீ கிளம்பு."

"உங்களால தண்ணிக் குடத்தையே தூக்க முடியாதுப்பா," என்றாள் மகள்.

"அண்ணன அப்படிச் சொல்லாத," என்றாள் தங்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மனைவி இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். "தூக்கறது எறக்கறது எல்லாம் அப்புறம். மொதல்ல அந்த மனுஷனக் கூட்டிட்டு வாங்க. அந்த மேசை இன்னும் எத்தன கண்ணாடி திங்கும்னு நான் கேக்கணும்."

பத்தாம் நாள் பதிவு அலுவலகத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் விடிந்ததும் தங்கையின் கட்டில், இரும்பு அலமாரி, அந்த மேசை, மூன்றாவதாக வெட்டிய மேசைக் கண்ணாடி எல்லாம் தொட்டியில் ஏறின. வாங்கிய நாள் முதல் ஊமையாக இருந்த ஹாரன், புது மாப்பிள்ளை ஏறிக் கதவைச் சாத்தியதும் அடித்தது, அடுத்தவரிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி, மிக மெதுவாக. போகும்போது பின் இருக்கையில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள், எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. திரும்பி வரும்போதுதான் மூன்று பேருக்கும் காது எஞ்சின் மேலேயே இருந்தது. ஐம்பது கிலோமீட்டரில் நிற்கும் என்று கண்ணாடிக்காரர் நினைத்தார், நிற்கவில்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் நிற்கும் என்று மகள் நினைத்தாள், அங்கும் நிற்கவில்லை. பெரிய மேடு வந்தபோது மனைவி முன்பலகையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வண்டி யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டது போல ஏறியது. கண்ணாடிக்காரர் உச்சியில் ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து, இந்த முறை ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்து நான்காவதன் மேல் காதை வைத்தார். பதினோரு வருஷத்தில் அது அப்படி ஓடியதில்லை. சந்தோஷமாக இருக்கிறாள் என்று தெரிந்து, சாலையோரத்தில் நின்று அழுதார். ஐந்து மாதம் தனக்காக அழுத அழுகையெல்லாம் இதற்கு உறை போடக் காணாது.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. பானெட்டின் உள்பக்கம் மெக்கானிக்கின் மருமகள் வெள்ளைப் பெயிண்டில் எழுதிவைத்தது இன்னும் அழியவில்லை: ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணவும். போன மழைக்காலத்தில் நூலகத்தின் முன்ஜன்னலுக்கு எட்டடிக் கண்ணாடி ஏற்ற வேண்டியிருந்தது. காலையில் கிளப்பினால் நான்காவது லேசாகத் தும்மியது. கண்ணாடிக்காரர் தங்கைக்குப் போன் போட்டு, "மழைல நனைஞ்சியா?" என்றார். "துணி எடுக்கப் போனேண்ணே. ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றாள், மூக்கடைத்த குரலில். அவள் இரண்டு நாள் என்றால் நான்கு நாள் என்று அவருக்குத் தெரியும். நூலகத்துக்குப் போய், கண்ணாடி நான்கு நாள் கழித்துத்தான் வரும், தங்கச்சிக்குச் சளி என்று சொன்னார். நூலகர் ஜன்னலுக்கு ஒரு பலகையை வைத்து அடைத்துவிட்டு, "இருமலும் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். ஐந்தாம் நாள் காலை நான்கும் ஓடின. கண்ணாடியை ஏற்றினார்கள்.