தளம் போட்ட நாள்

டெல்மரின் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள் ஆர்லிஸ். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அவனுடைய பனியனை நெஞ்சோடு கத்தரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் கிழிசலோடு அவனை அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. கட்டம் போட்ட நீலச் சட்டையை எடுத்து, கொழுந்தன் லைலின் உதவியோடு கைகளை நுழைத்து, கீழிருந்து மேலாக ஒவ்வொரு பொத்தானாக மாட்டிக்கொண்டு வந்தாள். கழுத்தருகே வந்தபோது வெளியே பீப் பீப் என்று ஏதோ பெரிய வண்டி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற லைல் தலையைத் தூக்கினான்.

“கலவை லாரி” என்றான். “அதை மறந்தே போயிட்டோம்.”

பட்டறைக்குத் தளம் போடும் நாள் என்று டெல்மர் இருட்டோடு எழுந்துவிட்டிருந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலுக்கு உறை மாட்டினான். மறு காலுக்குக் குனியாமல், அவளுக்கு முதுகைக் காட்டியபடியே மெல்லச் சாய்ந்தான். இன்னும் கொஞ்சம் தூங்கப் போகிறான் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அதற்குப் பிறகு நெஞ்சை அழுத்திப் பார்த்தவர்கள் வந்தார்கள். அவன் மருந்துக் குப்பிகளைப் புரட்டிப் பார்த்து ஒரு அதிகாரி இறப்புச் சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தளத்துக்குக் கை கொடுக்க வந்த லைல் துக்கத்துக்கு வந்தவனாகிவிட்டான். டெல்மரின் அக்கா இனெஸ் கோயிலுக்குப் போகும் கறுப்புக் கோட்டோடு வந்து கதவோரம் நின்றிருந்தாள். லாரியின் நினைப்பு ஒருவருக்கும் வரவில்லை.

“போய்த் திருப்பி அனுப்பு, லைல்” என்றாள் இனெஸ்.

ஆர்லிஸ் கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டு, “நானே போறேன்” என்றாள்.

லாரி புல்லின் மேல் பாதி ஏறி நின்றிருந்தது. அதன் வயிறு சுற்றிக்கொண்டே இருந்தது. தாடி வைத்த டிரைவர் கீழே இறங்கிக் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ஸ்டான் ரப்பர் பூட்ஸோடு, தோளில் கலவை தள்ளும் வாரியோடு வந்துகொண்டிருந்தான். காகித ஆலையில் ராத்திரி ஷிப்டை முடித்துவிட்டு நேராக வருகிறான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

“எங்க நம்ம முதலாளி? ஊரையெல்லாம் வரச்சொல்லிட்டு இன்னும் போர்வைக்குள்ள இருக்கானா?” என்றான்.

பின்னால் வந்த லைல் அவன் கையைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னான். ஸ்டான் வாரியைத் தோளிலிருந்து இறக்கி, சத்தம் வந்துவிடக் கூடாது என்பதுபோலப் புல்லில் படுக்கவைத்தான்.

டிரைவர் தொப்பியைக் கழற்றினார். “மன்னிச்சுக்குங்க மேடம். தெரிஞ்சிருந்தா வண்டிய எடுத்திருக்கவே மாட்டேன். திருப்பிக் கொண்டுபோயிடறேன்.”

“கொண்டுபோய் என்ன செய்வீங்க?”

“இது காத்திருக்காது மேடம், இறுகிடும். எங்க கலவைக் கூடத்துக்குப் பின்னால ஒரு பள்ளம் இருக்கு. அதுல கொட்டிடுவோம்.”

ஆர்லிஸ் முற்றத்தைப் பார்த்தாள். நாலு பக்கமும் பலகை அடித்து, ஜல்லி பரப்பி, பிளாஸ்டிக் விரித்து, அதன் மேல் கம்பி வலை கட்டி வைத்திருந்தான். போன ஞாயிறு முழுக்க முட்டி போட்டுக் கட்டியது. ராத்திரி முட்டியில் தைலம் தேய்த்துவிடச் சொன்னான். வயசுக்கு ஏத்த வேலையைப் பார் என்று ஏசிக்கொண்டேதான் தேய்த்துவிட்டாள்.

சொல்லப்போனால், பட்டறையை முதலில் கேட்டதே அவள்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவன் கடைசல் இயந்திரத்தையும் மரம் அறுக்கும் வாளையும் வீட்டின் நிலவறையில் இறக்கிவிட்டான். மரத்தூள் வெப்பக்காற்றுக் குழாய் வழியாக மேலே வந்து படுக்கையில் படிந்தது, வெண்ணெயில் படிந்தது. “ஒண்ணு அந்த மெஷின் இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்றாள் ஒருநாள். “நீயே இரு. மெஷினுக்குத் தனி வீடு கட்டிக் குடுத்துடறேன்” என்றான்.

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தாள். ஆனால் அன்று ராத்திரியே சாப்பாட்டு மேஜையில் அளவுகோலோடு உட்கார்ந்துவிட்டான். கார் நிற்க ஒரு பக்கம், வேலைக்கு ஒரு பக்கம். பலகைகளை நீளவாக்கில் உள்ளே கொண்டுவர ஒரு அகலக் கதவு. வேலிக்கு ரொம்பப் பக்கம் என்று நகராட்சி வரைபடத்தைத் திருப்பி அனுப்பியது. வேலியைவிட்டுத் தள்ளி வரைந்தான். அது அவளுடைய துணிக் கொடியின் மேல் வந்து உட்கார்ந்தது. அதற்காக ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அவனே கொடிக்கம்பத்தைப் பிடுங்கி, நல்ல வெயில் விழுகிற பக்கமாக நட்டுக் கொடுத்தான்.

கோடையில் ஆப்பு அடித்துக் கயிறு கட்டினான். காலையில் காப்பிக் கோப்பையோடு அந்தக் கயிற்றுக்குள் போய் நின்றுகொள்வான். துணிக்கூடையோடு அவள் குறுக்கே நடந்தால், “அது சுவர், ஆர்லிஸ். கதவு இந்தப் பக்கம்” என்பான். அவள் வேண்டுமென்றே கயிற்றைத் தாண்டிச் சுவருக்குள் புகுந்து மறு சுவர் வழியாக வெளியே போவாள். “அடி பட்டுச்சா?” என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்பான்.

“மேடம்?” என்றார் டிரைவர்.

“இங்கயே கொட்டுங்க” என்றாள் ஆர்லிஸ்.

லைல் அவளருகே வந்தான். “ஆர்லிஸ், கொஞ்சம் யோசி. இனிமே இது யாருக்கு?”

“மட்டம் இழுக்க எத்தனை பேர் வேணும்?” என்று கேட்டாள்.

“பலகைக்கு ரெண்டு பேர். கலவையை வாரிவிட ஒரு ஆள். ஆனா...”

“மூணு பேர் இருக்கோம்.”

பின்கதவில் நின்ற இனெஸுக்கு இது காதில் விழுந்துவிட்டது. “உள்ள என் தம்பி ஆறிப்போய்க் கிடக்கான். நீ வெளிய சேறு மிதிக்கப் போறியா? பாஸ்டர் வந்தா நான் என்ன சொல்ல?”

“அவருக்குக் காப்பி போட்டுக் குடு. நீ அவன்கிட்ட உக்காந்துக்க, இனெஸ். அவனைத் தனியா விட வேணாம்.”

இனெஸ் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். படுக்கையறை ஜன்னல் முற்றத்தைப் பார்த்து இருந்தது. அவள் அதைப் படாரென்று சாத்துவாள் என்று ஆர்லிஸ் எதிர்பார்த்தாள். இனெஸ் திரையை ஒதுக்கி, ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தாள்.

வாசலில் டெல்மரின் ரப்பர் பூட்ஸ் கிடந்தது. இரண்டு ஜோடி கம்பளி உறை போட்டும் அவளுக்குப் பெரிதாகத்தான் இருந்தது. கவுனை முட்டிக்கு மேல் முடிந்துகொண்டு இறங்கினாள்.

கலவை சரசரவென்று தகரச் சரிவில் இறங்கி வந்தது. ஸ்டான் வாரியால் மூலைகளுக்குத் தள்ளினான். லைலும் அவளும் நீண்ட மட்டப் பலகையின் இரு நுனிகளைப் பிடித்து, இப்படியும் அப்படியும் அறுப்பதுபோல ஆட்டிக்கொண்டே பின்னால் இழுத்தார்கள். கலவை இவ்வளவு கனக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. முதுகில் வலி பிடித்தது. பூட்ஸ் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே சிக்கிக்கொண்டு விட மறுத்தது. அந்த வேலையில் வேறு எதையும் நினைக்க இடமில்லை. அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

பாதியில் பலகை கோணிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தாள். லைல் அழுதுகொண்டிருந்தான். துடைக்கக் கை இல்லாமல் மூக்கும் கண்ணும் ஒழுக, தலையைக் குனிந்துகொண்டே இழுத்துக்கொண்டிருந்தான்.

“உன் பக்கம் ஏறுது, லைல்” என்றாள்.

“ம்.”

“இறக்கிப் பிடி.”

“பிடிக்கிறேன்.”

டிரைவர் லாரியைக் கழுவாமல் வந்து, கேட்காமலே தேய்ப்புக்கட்டையை எடுத்துக்கொண்டார். சுவரை இருத்தும் போல்ட்டுகளைக் கலவை இறுகுவதற்கு முன்னால் விளிம்பில் செருக வேண்டும். எங்கெங்கே என்று பலகையின் மேல் டெல்மர் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தான். ஸ்டான் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தான்.

ஆழ்ந்த சாம்பல் நிறத்தில் நீளமான வண்டி ஒன்று தெருவில் வந்து நின்றபோது தளம் முக்கால் முடிந்திருந்தது. சவ அடக்க நிலையத்தின் பெக்கரும் ஒரு உதவியாளரும் இறங்கினார்கள். வீட்டுப் பாதையைக் கலவை லாரி அடைத்துக்கொண்டிருந்தது. டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார்.

“வண்டிய எடுத்துடறேன் சார்.”

“முடிச்சுட்டே எடுங்க” என்றார் பெக்கர். “நாங்க நிக்கிறோம்.”

கறுப்புக் கோட்டு போட்ட இருவரும் கைகளை முன்னால் கோத்துக்கொண்டு புல்லின் மேல் நின்றார்கள். பெக்கரின் பார்வை மட்டும் மட்டப் பலகையோடு போய்ப் போய் வந்தது.

பிறகு லாரி வெளியே போனது, சாம்பல் வண்டி உள்ளே வந்தது. முன்வாசல் படி குறுகல் என்பதால் அவனைப் பின்கதவு வழியாகக் கொண்டுவந்தார்கள். சக்கரக் கட்டில் ஈரத் தளத்தின் ஓரமாக, புல்லில் தட்டித் தட்டி உருண்டது. ஆர்லிஸ் எதிரே போய் நின்றாள். முழங்கைவரை கலவை. கவுனில் இரண்டு முறை துடைத்தாள், போகவில்லை. கைகளை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பெக்கர் நிறுத்தினார். “தொடலாம், மிசஸ் பிரான்ட்வோல்ட். பரவாயில்ல.”

“சட்டை அழுக்காயிடும்” என்றாள்.

கூடவே வந்த இனெஸ் குனிந்து, அவன் காலர் மடிப்பை நேராக இழுத்துவிட்டாள். “இப்ப சரியா இருக்கா?” என்று கேட்டாள்.

“வலப்பக்கம் இன்னும் கொஞ்சம்.”

இனெஸ் இழுத்துவிட்டாள். ஆர்லிஸ் தலையசைத்தாள். அவனைக் கொண்டுபோனார்கள்.

வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகும் எல்லாரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். லைல்தான் தொண்டையைச் செருமினான். “ஓரம் இறுக ஆரம்பிச்சிடுச்சு.”

“அப்போ வாங்க” என்றாள் ஆர்லிஸ்.

மத்தியானம் முழுக்க ஆட்கள் வந்தார்கள். பாஸ்டர் வந்து ஜெபம் செய்துவிட்டு, அடக்கத்தை வெள்ளிக்கிழமைக்கு வைத்துவிட்டுப் போனார். யாரோ பன்றித்தொடை வேகவைத்துக் கொண்டுவந்தார்கள், யாரோ உருளைக்கிழங்கு. அரிசோனாவிலிருந்து மகள் ரோண்டா விமானம் கிடைத்துவிட்டது என்று போன் செய்தாள். நீ தனியாவா இருக்கே அம்மா என்று கேட்டு அழுதாள். இல்லை, வீடு நிறைய ஆள் என்றாள் ஆர்லிஸ்.

வெயில் சாயும் நேரத்தில் எல்லாரும் கலைந்தார்கள். இனெஸ் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தளம் காய்ந்து வெடிக்காமல் இருக்க நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று லைல் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஆர்லிஸ் குழாயை இழுத்துக்கொண்டு வந்து, விரலால் வாயை அடைத்து, தூறல்போல நீர் விட்டாள்.

ஜன்னல் வழியாக இனெஸ் ஒரு கைபேசியை நீட்டினாள். “அவனோடது. அடிச்சுக்கிட்டே இருக்கு.”

வாங்கிக் காதில் வைத்தாள்.

“டெல்மர்?” என்றது ஒரு ஆண்குரல். “மரக்கடையிலேருந்து பேசறேன்.”

“அவர் இல்ல. நான் அவர் மனைவி.”

“ஓ, நல்லதாப் போச்சு. சுவருக்கு மரமெல்லாம் தயார். எப்ப அனுப்பட்டும்?”

அவள் யோசித்தாள். “வெள்ளிக்கிழமை வேணாம். சனிக்கிழமை அனுப்புங்க.”

“சரி மேடம். அப்புறம், இந்த வீட்டுப்பக்கச் சுவர்ல ஒரு ஜன்னல். அதுக்கு மட்டும் இன்னும் அளவு வரல. வீட்டுக்காரியைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு போன மாசமே சொன்னார். உங்ககிட்ட கேட்டாரா?”

ஆர்லிஸ் தளத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, இனெஸ் நின்றிருந்த சமையலறை ஜன்னலைப் பார்த்தாள்.

“மேடம், இருக்கீங்களா?”

“இருக்கேன்” என்றாள். “ஒரு நிமிஷம். பாத்துச் சொல்றேன்.”

கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். குழாயை விடாமலே இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, காற்றில் ஒரு அகலம் வைத்துப் பார்த்தாள். போதவில்லை. இன்னும் கொஞ்சம் விரித்தாள். குழாயிலிருந்து தண்ணீர் புல்லில் போய்க்கொண்டிருந்தது.