காகத்துக்கு வைத்த சோறு

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் என்ன கொண்டு வருவார்கள் என்பது கரவெட்டிக்கு நன்றாகத் தெரியும். சொக்லேட் வரும், வாசனைச் சவர்க்காரம் வரும், ஒருவருக்கும் அளவாக இல்லாத சேட்டுகள் வரும். வாகீசனும் நிவேதனாவும் இந்தமுறை நோர்வேயிலிருந்து இரண்டு நாய்களைக் கொண்டு வந்தார்கள். ஊசி போட்ட அத்தாட்சியும் அனுமதிப் பத்திரமுமாக, ஆளுக்கொரு கூட்டில், விமானத்தில் வந்த நாய்கள். ஊரில் சும்மா படுத்திருக்கிற நாய்கள் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும்தான் கேட்டார்கள். வாகீசனின் அக்கா கனகாம்பிகை மட்டும் கொஞ்சம் உரத்துக் கேட்டார்.

"நீ வா, உன்ரை மனிசி வரட்டும். நாயளை நான் வீட்டுக்குள்ளை அடுக்கமாட்டன் தம்பி. சாமி அறை இருக்கிற வீடு," என்றார் தொலைபேசியில்.

"அக்கா, அதுகள் உள்ளுக்கை படுத்துப் பழகினதுகள்."

"அப்ப நீயும் அதுகளோடை எங்கையாவது போய்ப் படு."

போய்ப் படுத்தான். மயிலிட்டியில் கடலைப் பார்த்தபடி, கனடாக்காரர் ஒருவர் கட்டிவிட்டு எப்போதாவது எட்டிப்பார்க்கிற வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. அதைக் கேள்விப்பட்டதும் அக்காவுக்கு வந்த கோபத்தின் முன்னால் நாய்க்கோபம் ஒன்றுமேயில்லை. சொந்த அக்கா குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது தம்பி வாடகை வீட்டிலா? "நாய் திரியிற வீட்டிலை நான் கை நனைக்கமாட்டன். பச்சைத் தண்ணியும் குடியன்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். கணக்கு ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சொன்ன விடையைப் பிறகு திருத்துகிற வழக்கம் அவருக்கு இல்லை.

அந்தச் சண்டையை ஒரு பக்கம் ஒதுக்கிவைத்தால், நிவேதனா இவ்வளவு நிறைவான ஒரு விடுமுறையைக் கண்டதேயில்லை. சோளகக் காற்று ஓய்ந்து வாடைக்காற்று தொடங்காத நாட்கள். கடல் ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தது. நோர்வேயின் பேர்கன் நகரில் மழைக்கோட்டோடு நாய்களை நடத்தித் திரிந்தவளுக்கு இங்கே வெறுங்காலோடு மணலில் நடப்பதே பெரிய சுகம். வாகீசன் சாறத்தைக் கட்டிக்கொண்டு விறாந்தையில் சாய்கதிரையில் கிடப்பான். நெஞ்சில் ஒரு புத்தகம் இருக்கும். அது இரண்டாம் பக்கத்தைத் தாண்டியதே இல்லை. "இஞ்சாருங்கோ, தேத்தண்ணி" என்றால் ஒரு கண் திறக்கும். பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணியைக் குடித்து முடித்ததும் அந்தக் கண்ணும் மூடிக்கொள்ளும். காலமெல்லாம் கப்பல் கட்டுமிடத்தில் இரும்போடு மல்லுக்கட்டிய மனிதன், தூங்கட்டும் என்று அவளும் விட்டுவிடுவாள்.

நாய்களுக்கும் குறையில்லை. மூத்தவன் ஒஸ்கார், கறுத்த லாப்ரடோர். சாப்பாட்டுப் பிரியன், கதவு திறப்பதில் கெட்டிக்காரன். பேர்கன் வீட்டில் கதவின் கைப்பிடியை முன்காலால் அழுத்தித் திறந்துகொண்டு குசினிவரைக்கும் போய்வந்த அனுபவம் அவனுக்கு உண்டு. இளையவள் லொட்டா. நீண்ட உடம்பும் கட்டைக் கால்களுமாக உட்காருகிற ஒரு சின்ன வாங்குபோல இருப்பாள். வீட்டைப் பார்த்துக்கொள்கிற இன்னாசித்தம்பி முதல் நாள் அவளைக் குனிந்து பார்த்துவிட்டு, "அம்மா, இதுக்குக் கால் இனித்தான் வளருமோ?" என்று கேட்டார். மயிலிட்டி நாய்கள் கூட்டமாக வந்து குரைத்து ஒரு விசாரணை வைத்தன. ஒஸ்கார் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினான். அதோடு வழக்கு முடிந்தது.

காலையில் கடலில் குளித்துவிட்டு வந்ததும் இரண்டுக்கும் விசுக்கோத்து. ஒஸ்கார் தின்பது பாதி, மணலில் சிந்துவது பாதி. அதற்காகவே காகங்கள் வரத் தொடங்கின. ஒன்று பின்னால் வந்து அவனுடைய வாலைக் கொத்தி இழுக்கும்; அவன் திரும்புவதற்குள் மற்றது விசுக்கோத்தோடு போய்விடும். சில நாட்களில் அவனுக்கே அலுத்துவிட்டது. வாலை இழுத்தால் இழுக்கட்டும் என்று தலையை நிமிர்த்தாமலே தின்னப் பழகிக்கொண்டான். காகங்களும் பயம் விட்டுப்போய் அவனுடைய மூக்கடியிலேயே பொறுக்கின.

இத்தனை சந்தோசத்துக்கும் நடுவில் ஒரு முள் இருந்தது. இரண்டு தடவை கரவெட்டிக்குப் போனார்கள். அக்கா மலைபோலச் சோறு போட்டார், குத்தரிசி மா கட்டிக் கொடுத்தார், வாசல்வரை வந்து வழியனுப்பினார். "மயிலிட்டிக்கு ஒருக்கா வாங்கோவன் அக்கா" என்று வாகீசன் கேட்டபோது மட்டும் முருங்கைமரத்தைப் பார்த்தார். திரும்பி வரும் வழியில் அச்சுவேலி தாண்டியதும் அவன் சொன்னான்:

"அம்மா போனபிறகு எனக்குச் சோறு தீத்தினது அக்காதான். நோர்வேக்கு வரச் சொன்னால் குளிர் எண்டு சொல்லி வரமாட்டா. என்ரை வீடு எண்டு ஒண்டிலை வைச்சு அவவுக்கு நான் ஒரு நேரச் சோறு குடுக்கேல்லை, நிவே. இந்த முறையும் அது சரிவராது போலை."

அந்தக் குரல் நிவேதனாவுக்குத் தாங்கவில்லை. வாடகை வீடுதான், இன்னும் கொஞ்ச நாளில் பூட்டிச் சாவியைக் கொடுக்கவேண்டிய வீடுதான். ஆனாலும் இப்போதைக்கு அதுதான் இவர்கள் வீடு. போகுமுன் மச்சாள் இந்த வீட்டில் ஒரு நேரம் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று அவள் முடிவுகட்டினாள். அடுத்த நாளே கரவெட்டிக்குப் போன் எடுத்தாள்.

"மச்சாள், நான் சனீஸ்வரனுக்குப் புரட்டாதிச் சனி பிடிக்கப்போறன். முறை ஒண்டும் தெரியாது. நீங்கள் வந்து காட்டித் தந்தால்தான் உண்டு."

விரதத்துக்கு வழி கேட்கிறவளை எப்படித் தட்டிக்கழிப்பது? இது ஒரு பொறி என்று ரீச்சருக்கு விளங்காமலில்லை.

"வாறன்," என்றார் கடைசியில். "முறையைச் சொல்லிப்போட்டு, காகத்துக்கு வைச்ச கையோடை வெளிக்கிட்டிடுவன். என்னைச் சாப்பிடச் சொல்லிக் கரைச்சல் படுத்தக்கூடாது."

"ஓம் மச்சாள்," என்றாள் நிவேதனா, மிகவும் நல்ல பிள்ளையாக.

சனிக்கிழமை அக்கா ஓட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு போத்தல் தண்ணீர், கரவெட்டிக் கிணற்றுத் தண்ணீர். நாய்கள் இரண்டும் பின்னறையில் அடைபட்டிருந்தன. வீடு மஞ்சள் தண்ணீரில் கழுவப்பட்டிருந்தது. குசினியில் அச்சுவேலிச் சந்தையில் வாங்கிய புதுச் சட்டிகள். எண்ணெய் வைத்துத் தோய்ந்து ஈரத்தலையோடு நின்ற நிவேதனாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் கிடைக்காத ஏமாற்றத்தோடு அக்கா ஒரு கதிரையில் அமர்ந்தார். அந்த அமர்வு கத்தரிக்காய் வெட்டும்வரைதான்.

"பிள்ளை, உப்பிடி வெட்டினால் அது கறியிலை கரைஞ்சு போம். இஞ்சை தாரும் கத்தியை."

அதன்பிறகு நிவேதனாவுக்குத் தேங்காய் துருவுவதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, கீரை, அப்பளம், பாயாசம். சாப்பிடமாட்டேன் என்று வந்தவர் உப்புப் புளி பார்க்காமல் மணத்தாலேயே சமைத்து முடித்தார். வாழை இலைத் துண்டில் சோறும் எல்லாக் கறியிலும் கொஞ்சமும் எள்ளும் வைத்து, முற்றத்துக் குட்டை மதிலில் கொண்டுபோய் வைத்தார்.

"கா... கா... கா..."

ஒரு காகமும் வரவில்லை. விறாந்தையில் மூவரும் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. வாகீசனின் வயிறு சத்தமாகவே ஒரு கேள்வி கேட்டது. காகம் தொடாமல் விரதக்காரர் சாப்பிட முடியாது. காகம் தொடாமல் அக்கா வெளிக்கிடவும் முடியாது. வைத்ததைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது எந்தக் கணக்கிலும் சேராது. போத்தல் தண்ணீரும் முடிந்திருந்தது.

வாசலால் வந்த இன்னாசித்தம்பி விசயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

"போட்டுகள் இப்பதான் கரைக்கு வந்தது ரீச்சர். சூடை மீன் நல்ல பாடு. காகம் முழுக்கத் துறையிலை நிக்குது. உங்கடை கத்தரிக்காய்க்கு ஆர் வாறது?"

"புரட்டாதிச் சனியிலை காகத்துக்கு மச்சமோ!" என்றார் அக்கா. காகத்தின்மேல் வந்த கோபத்தில் தம்பிமேல் இருந்த கோபம் கொஞ்சம் கரைந்ததை நிவேதனா கவனித்தாள். ஆனால் பசியில் அக்காவின் முகம் வாடியதையும் கவனித்தாள். அறுபது தாண்டிய மனுசி. தன்னுடைய கெட்டித்தனத்தால் அவரை இப்படிப் பட்டினி போட்டுவிட்டேனே என்று நெஞ்சு குறுகுறுத்தது. "மச்சாள், நீங்கள் வீட்டை போய்ச் சாப்பிடுங்கோ, நான் இருந்து பாக்கிறன்" என்று சொல்ல வாயெடுத்தாள்.

அப்போதுதான் பின்னறைக் கதவு திறந்த சத்தம் கேட்டது. கனடாக்காரர் ஆசையாகப் பொருத்திய கதவுகள், எல்லாவற்றுக்கும் அழுத்தித் திறக்கிற கைப்பிடி. ஒஸ்காருக்கு அது பாலர் வகுப்புப் பாடம். விறாந்தையால் ஒரு கறுப்பு உருவம் பாய்ந்தது. யாரும் எழும்புமுன் முன்கால் இரண்டையும் மதிலில் வைத்து, சனீஸ்வரனுக்கு வைத்த சோற்றில் வாயை வைத்துவிட்டான்.

"டேய்!" என்று கத்தியபடி வாகீசன் சாறத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினான். இலை சரிந்து சோற்றோடு முற்றத்தில் விழுந்தது. நிவேதனா விழுந்த சோற்றையே பார்த்தாள். எல்லாம் போய்விட்டது. இனி மச்சாள் இந்த வாசல்படி மிதிக்கமாட்டார். அவரைத் திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

"நில்லடா தம்பி," என்றது அக்காவின் குரல். "அவனைத் தொடாதை."

துறைப்பக்கமிருந்து ஒரு காகம் வந்து மதிலில் குந்தியிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. ஒஸ்கார் எதையாவது தின்றால் கீழே பாதி சிந்தும் என்று அறிந்த காகங்கள். சூடை மீன் தின்று சலித்தனவோ, பழைய சிநேகிதத்தை மறக்கவில்லையோ, யாருக்குத் தெரியும். ஒன்று இறங்கிப் போய் வாலைக் கொத்தி இழுத்தது. ஒஸ்கார் நிமிரவேயில்லை. மற்றது நேராக இலைக்கு வந்து, நாயின் மூக்குக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில் தலையை விட்டு, எள்ளுச்சோற்றில் ஒரு வாய் எடுத்தது. பிறகு இன்னொரு வாய். பின்னறையிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்த லொட்டாவும் அப்பளத் துண்டொன்றில் பங்கு கேட்டாள்.

அக்கா இடுப்பில் கையை ஊன்றியபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கடினமான கணக்கொன்றைக் கரும்பலகையில் பார்க்கிற பார்வை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"சனீஸ்வரன்ரை வாகனமும் வைரவற்றை வாகனமும் ஒரு இலையிலை சாப்பிடுதுகள். அவைக்கே இல்லாத துடக்கும் தீட்டும் எனக்கு எங்காலை? இலையைப் போடும் பிள்ளை, பசிக்குது."

வாகீசன்தான் பரிமாறினான். நிவேதனா அகப்பையைக் கேட்டும் கொடுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் அக்கா, இந்தக் கறி அக்கா" என்று அவன் போடப் போட, அவர் வேண்டாம் என்று கையால் மறிக்காமல் சாப்பிட்டார். தண்ணீர் கேட்டார், மயிலிட்டித் தண்ணீரைக் குடித்தார். அப்பளம் எடுக்கிற சாட்டில் குசினிக்குப் போன வாகீசன் திரும்பிவரக் கொஞ்சம் நேரமெடுத்தது. கண் சிவந்திருந்தது. மேசைக்குக் கீழே ஒஸ்கார் அக்காவின் காலடியில் படுத்துக் குறட்டை விட்டான். அக்கா காலை இழுத்துக்கொள்ளவில்லை. நிவேதனாவுக்கு அன்று சோறு எவ்வளவு உள்ளே போனது என்று நினைவில்லை, அவ்வளவு சந்தோசம்.

பின்னேரம் ஓட்டோ வந்தது. ஏறி உட்கார்ந்த அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே எட்டிப் பார்த்தார்.

"வாற சனி கரவெட்டியிலை. ரெண்டு பேரும் நேரத்துக்கு வந்திடவேணும்." விறாந்தையில் கிடந்த ஒஸ்காரைப் பார்த்தார். "எங்கடை பக்கமும் இந்த மாதத்திலை காகம் லேசிலை வராது. எல்லா வீட்டிலையும் சோறு. உவனையும் ஏத்திக்கொண்டு வாங்கோ."

"அப்ப லொட்டா, மச்சாள்?"

"அந்தக் கட்டைக்காலியைத் தனிய விட்டிட்டு வரப்போறீரோ? நல்ல ஆள் நீர்!"

வாகீசனுக்கு நம்ப முடியவில்லை. "அக்கா, அதுகள் உள்ளுக்கை வருங்கள். சாமி அறை..." என்று இழுத்தான்.

ஓட்டோ புறப்பட்டுவிட்டது. அக்கா தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னது மதில்வரை கேட்டது:

"எங்கடை சாமி அறைக் கதவுக்கு உச்சியிலை மேல்கொண்டி போட்டிருக்கு. உவன்ரை வித்தை அங்கை பலியாது!"