பட்டன் ஜாதகம்

திருச்செங்கோட்டில், போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்களுக்குச் செயலி எழுதிக் கொடுக்கும் ஆபீஸ் ஒன்றில் தஹ்சீன் வேலை பார்த்தாள். சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். அந்த ஆபீஸில் ஒரு தீராத தொல்லை. ஒரு பக்கத்தில் பட்டன் பச்சையாக இருக்கும். அடுத்த பக்கத்தில் அதே பட்டன் கத்தரிப்பூக் கலரில் பல்லிளிக்கும். ஆளாளுக்கு இஷ்டப்படி எழுதினால் வேறென்ன ஆகும்? பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே ஒரு கருவி செய்தாள். திரையில் வரும் பட்டன், பெட்டி, தலைப்பு எதன் பெயரைத் தட்டினாலும், அதன் நிறம், மூலை வளைவு, எழுத்தளவு, எழுதியவர் பெயர் எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்துவிடும். முதலாளி அருணகிரி அதற்குப் 'பட்டன் ஜாதகம்' என்று பெயர் வைத்தார்.

கூட டிசைன் வேலை பார்க்கும் தனசேகர் மட்டும் அதைத் தொட மாட்டான். "எனக்கு எல்லாமே மண்டைக்குள்ள இருக்குதுங்க சார்" என்பான். மண்டைக்குள் இருந்தது, தஹ்சீன் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்லும் சாமர்த்தியம் ஒன்றுதான். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே! இந்த நேரத்தில்தான் டிசைன் வேலைக்குத் தலைமையாக ஒருவரைப் போடப்போவதாக அருணகிரி சொல்லியிருந்தார். போட்டியில் இருந்தது இவர்கள் இருவர்தான். தஹ்சீனுக்கு அந்த இடம் வேண்டும். வேண்டாததுபோல் நடிக்கிற ரகமில்லை அவள், வெறியாக வேண்டும்.

ஆயுத பூஜை வந்தது. ஊரெல்லாம் ரிக் வண்டிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். இங்கே கம்ப்யூட்டர்களுக்கு வைத்தார்கள். அருணகிரியின் மனைவி அறிவுச்செல்வி தட்டோடு வந்து, ஒவ்வொரு திரையின் சட்டத்திலும் பொட்டிட்டுக்கொண்டே போனார். மீட்டிங் அறையில் மாட்டியிருந்த பெரிய திரைக்குச் சட்டமே கிடையாது, புது மாடல். அவர் என்ன செய்வார், பாவம்! கண்ணாடியிலேயே கீழ்மூலையில் சின்னதாகச் சந்தனத்தைத் தொட்டு, நடுவில் குங்குமத்தை வைத்துவிட்டுப் போனார். பூஜையில் வைத்ததை யார் துடைப்பார்கள்? தானாக உதிரும்வரை அங்கேயேதான் இருக்கும். தனசேகர் அன்று லீவு.

பூஜை முடிந்து ஆபீஸ் திறந்ததும் அங்கமுத்து வந்தார். ரிக் வண்டிகளை வடநாட்டுக்கு அனுப்பிப் போர் போடுகிறவர். அவருக்கான செயலியைத் தனசேகர் பெரிய திரையில் போட்டான். முதல் பக்கத்தின் கீழே 'வேலை ஆரம்பம்' என்று ஒரு பச்சைப் பட்டன். கண்ணாடியிலிருந்த பொட்டு, அளந்து வைத்ததுபோல் அந்தப் பட்டன் மேலேயே உட்கார்ந்திருந்தது.

அங்கமுத்து மேசையின் கோடியிலிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அட, பட்டனுக்குப் பொட்டு வெச்சிருக்கீங்களே! ஏனுங்க, யார் யோசனைங்க இது? ஜோரா இருக்குதுங்க!"

"நான்தானுங்க," என்று முந்திக்கொண்டான் தனசேகர். "உங்க வண்டியப் பாத்துத்தான் தோணுச்சு."

தஹ்சீன் வரைந்த பொட்டு என்று நினைத்துத்தான் அவன் அதைத் தன் பெயரில் அமுக்கப் பார்த்தான். அவளோ திறந்த வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துப்பட்டாவை வாயில் வைத்து அடக்கினாள். நல்லா மாட்டு ராசா என்று விட்டுவிட்டாள். அருணகிரியும் அந்தக் கோடியில்தான் இருந்தார். கஸ்டமர் மெச்சும்போது எந்த முதலாளி எழுந்துபோய்த் தடவிப் பார்ப்பான்? "இதே மாதிரி போன்ல போட்டுக் குடுத்துருங்க," என்று அங்கமுத்து எழுந்துவிட்டார்.

மறுநாள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். "எங்கீங்க என் பொட்டு? பொட்டு வெக்காம ஒரு வண்டிய நான் கேட்டைத் தாண்ட உடமாட்டனுங்க. இதென்ன மொட்டையா இருக்குது?"

அருணகிரி தனசேகரைப் பார்த்தார். தனசேகர் தஹ்சீனைக் காட்டினான். "நான் வெச்சிருந்தனுங்க சார். இவங்கதான் அந்த ஜாதகத்துல கைய வெச்சு அழிச்சிருப்பாங்க."

"ஏம்மா, ஓகே ஆனதை அழிக்கறதுக்கா அதைச் செஞ்சே?" அருணகிரிக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்தக் கருவியே இனி வேண்டாம். தூக்கிப் போட்டுரு."

அடப்பாவி! விளையாட்டு வினையாகிவிட்டதே. தலைமை இடமும் போய், கருவியும் போய், கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

"அழிச்சா அழிச்சதும் அதுல பதிவாகும் சார்," என்று தஹ்சீன் அவசரமாக அந்தப் பட்டன் பெயரைத் தட்டிக் காட்டினாள். பச்சை நிறம், வளைந்த மூலை, எழுதியவர் தஹ்சீன். பொட்டு இருந்ததாகவோ அழித்ததாகவோ எதுவுமில்லை.

"அவங்க செஞ்சது, அவங்க சொல்றதைத்தானே காட்டும்?" என்றான் தனசேகர். அருணகிரி தலையாட்டிவிட்டார்.

"அப்ப பெரிய திரையிலயே பாத்துரலாங்க," என்றாள் தஹ்சீன்.

எல்லோரும் போனார்கள். பக்கத்தைப் போட்டதும் பட்டன் மேல் பொட்டு. "பாத்தீங்களா!" என்று தனசேகர் நெஞ்சை நிமிர்த்தினான். அவன் கையில் மவுஸைக் கொடுத்தாள் தஹ்சீன்.

"பக்கத்தைக் கொஞ்சம் மேல தள்ளுங்க."

தள்ளினான். பட்டன் மேலே போனது. பொட்டு போகவில்லை. இறக்கினான், பட்டன் திரும்பி வந்தது. பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

அருணகிரி எழுந்து கிட்டே போய் விரலால் தொட்டார். விரலில் குங்குமம் ஒட்டியது. "அட, இது எங்க ஊட்டுக்காரி அறிவுச்செல்வி வெச்சதுங்க!"

தனசேகர் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றான். அங்கமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதெல்லாம் சரிங்க. எனக்குப் பொட்டு வேணும். நீயே வெச்சுக் குடு அம்மிணி," என்றார்.

"இனி டிசைன் உன் பொறுப்பு," என்று அருணகிரி தஹ்சீனிடம் சொன்னார். "ஆனா ஒண்ணு. தெரிஞ்சும் நேத்து நீ வாயத் தொறக்கலயே?"

"யாரும் என்னக் கேக்கலயே சார்."

அவளுக்கு மனசு குளுகுளுவென்றிருந்தது. உட்கார்ந்த கையோடு பொட்டை ஜாதகத்தில் ஏற்றினாள். சந்தன நிறம் இன்னது, குங்கும நிறம் இன்னது, அளவு இவ்வளவு. தனசேகர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"அந்தப் பொட்டு... என்ன கலருங்க?"

"ஜாதகத்துல இருக்குது, பாருங்க."

முதல்முறையாக அதைத் திறந்து பார்த்தான். நிறமும் அளவும் சரியாக இருந்தன. 'எழுதியவர்' என்ற இடத்தில் அறிவுச்செல்வி என்று போட்டிருந்தது.