படத்துக்கு முன்னால் பஸ்கி

முதல் ஸ்கேனில் தௌசீஃபின் இரண்டு தொடைகளும் டியூப்லைட் மாதிரி எரிந்தன. நல்ல சதை இந்தப் படத்தில் கறுப்பாகத் தெரிய வேண்டும், இங்கே முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் வெள்ளை, வெள்ளை என்றால் வீக்கம் என்று டாக்டர் வரலட்சுமி திரையில் தொட்டுக் காட்டினார். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே சதையைக் கடித்துக்கொண்டிருக்கின்றனவாம். தௌசீஃபுக்கு அது உடனே விளங்கிவிட்டது. காவலுக்கு வைத்த ஆளே சரக்கைத் தூக்கிக்கொண்டு போன கதை இல்லாத கன்டெய்னர் யார்டு எங்கே இருக்கிறது?

அவன் எண்ணூர் துறைமுகத்துக்கும் மணலிக்கும் நடுவில் டிரெய்லர் லாரி ஓட்டியவன். முதலில் இடது கால் கிளட்சை மிதிக்க மறுத்தது. பிறகு கேபின் படி ஏற முடியவில்லை. கடைசியில் கக்கூஸில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. மனைவி நவ்ரீன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். கல்மண்டபம் சந்தில் நாலு பேரை அடக்கி வைத்திருந்தவனுக்கு அதைவிடக் கேவலம் வேறு கிடையாது.

மாத்திரை கொடுத்தார்கள். முகம் பன் மாதிரி உப்பியது. மாதா மாதம் டிரிப்ஸில் ஒரு மருந்து ஏற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கால் கேட்க ஆரம்பித்தது. ஆனால் அந்த மாத்திரையே நாளாக ஆகச் சதையைத் தின்னும் என்றார் டாக்டர். மிச்சமிருக்கும் பலவீனம் நோயால் வந்ததா மாத்திரையால் வந்ததா என்று ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது, படத்தைப் பார்த்தால்தான் தெரியும். வெள்ளை அடங்கியிருந்தால் மாத்திரையைக் குறைக்கலாம், வண்டியைத் தொட்டுப் பார்க்கலாம். அடங்கவில்லை என்றால் டிரிப்ஸ் மருந்து தோல்வி. மாத்திரையைக் கூட்டி, வேறு மருந்தோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது ஸ்கேன் புதன்கிழமை என்று தேதி வந்ததும் தௌசீஃபுக்கு இருப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை எர்ணாவூரில் அறிவு நடத்தும் ஜிம்முக்குப் போனான். அறிவு பள்ளிக்கூட சிநேகிதன், ஒரு காலத்தில் ஆணழகன் போட்டிகளில் எண்ணெய் பூசிக்கொண்டு நின்றவன். சும்மா பேசத்தான் போனான். பேச்சுவாக்கில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பஸ்கி போட்டான். எழுந்துவிட்டான். கம்பியை விட்டுவிட்டு இன்னொன்று போட்டான். அதிலும் எழுந்துவிட்டான்.

அறிவு போய், ஜிம்மில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினான்.

"மாமு, புதன்கெழம படம் எடுக்கறாங்கன்ற. அப்ப சும்மாவா போவ? சதைய பம்ப் ஏத்தாம எவனாவது ஸ்டேஜ் ஏறுவானா? தொடைய தெறிக்க வுட்டுக்கினு போ. டாக்டரம்மா பாத்து மெர்சலாவட்டும்."

தௌசீஃபுக்கு அது நூற்றுக்கு நூறு சரி என்று பட்டது. படம் என்றால் படம்தானே? இறங்கினான், எழுந்தான். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. ஜிம்மில் இருந்த பயல்கள் தூக்கிய எடையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். கால் நடுங்கி, சுவரில் சாய்ந்து தரையில் வழுக்கி உட்காரும் வரைக்கும் போட்டான். உட்கார்ந்தவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் தொடை விண்ணென்று வலித்தது. நோய் இப்படி வலித்ததில்லை. அது சத்தமில்லாமல் பலத்தை உருவிக்கொண்டு போகிற ரகம். இது உழைத்தவனுக்கு வருகிற வலி, அவனுக்கு நன்றாகப் பழக்கமான வலி. தொடையை அழுத்தி அழுத்திப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். நவ்ரீனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அறிவையும் சேர்த்துக் கிழித்துவிடுவாள்.

புதன்கிழமை மெஷினுக்குள் படுத்தான். தடதடவென்று அது அடித்த அடி, காலி கன்டெய்னரை மேலேயிருந்து இறக்கிவைக்கிற சத்தம் மாதிரியே இருந்தது. அடி மவனே, நல்லா எடு என்று கண்ணை மூடிக்கொண்டான்.

சாயங்காலம் டாக்டர் அறையில் திரை திரும்பியது. இடுப்பும் தொடையின் பின்பக்கமும் கறுத்திருந்தன. ஆனால் முன்பக்கம், இரண்டு தொடையிலும், வெள்ளையாகப் பற்றி எரிந்தது. ரத்தப் பரிசோதனையிலும் சதை உடைவதைக் காட்டும் அளவு ஏறியிருந்தது. டாக்டர், நோய் மறுபடி கிளம்பியிருக்கிறது என்றால் இந்த மருந்தை நிறுத்த வேண்டியிருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். இத்தனை மாதமும் வீண் என்கிறாரா? நவ்ரீன் தௌசீஃபின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் பழைய படத்தைப் பக்கத்தில் போட்டார். அப்போது எல்லாப் பக்கமும் எரிந்தது, இப்போது கோடு போட்ட மாதிரி முன்பக்கம் மட்டும் எரிகிறது, கொஞ்சம் விசித்திரமாக இருக்கிறது என்றார். எங்காவது விழுந்தானா, பாரம் தூக்கினானா என்று கேட்டார். விழவில்லை, தூக்கவில்லை என்றான் தௌசீஃப். இரண்டும் உண்மைதான்.

"நேத்துலேர்ந்து மாடிப்படிய திரும்பி நின்னு, செவுத்த புடிச்சுக்கினு பின்னாலயே எறங்குறாரு டாக்டரம்மா," என்றாள் நவ்ரீன். "கேட்டா காத்து வருதாம்."

டாக்டர் அவனைப் பார்த்தார். அவன் மேஜையைப் பார்த்தான்.

"பஸ்கி போட்டேன்," என்றான்.

"எப்போ?"

"முந்தாநாள். படம் எடுக்கறீங்களே, தொடை கொஞ்சம் நல்லா தெரியட்டும்னு பம்ப் ஏத்திக்கினு வந்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இது போட்டோ இல்லை, மெஷின் சதைக்குள் கோத்திருக்கும் நீரைப் பார்க்கிறது, நோய் வந்தாலும் நீர் கோக்கும், பழக்கமில்லாத சதையைப் போட்டு வதைத்தாலும் நீர் கோக்கும், ரத்த அளவும் அப்படித்தான் ஏறும் என்று விளாசித் தள்ளினார். நவ்ரீன் தன் பங்குக்கு அறிவின் பரம்பரையை இழுத்தாள். திட்டிக்கொண்டே இருந்த டாக்டர் நடுவில் நின்றுவிட்டார்.

"எத்தனை போட்டீங்க?"

"கணக்கு வெக்கல. கால் வுழற வரைக்கும்."

"ஆறு மாசம் முன்னாடி இதே ரூம்ல நாற்காலியிலேர்ந்து எழ ரெண்டு பேர் பிடிச்சோம்," என்றார் டாக்டர். அவர் குரல் மாறியிருந்தது. "நீங்க மெஷினையே ஏமாத்துற அளவுக்குப் பஸ்கி போட்டிருக்கீங்க."

நவ்ரீன் திட்டுவதை மறந்து அவன் தொடையைப் பார்த்தாள்.

ஆனால் டாக்டர் அதோடு விடவில்லை. ஆசைக்கு மருந்து எழுத முடியாது, இந்தப் படத்தை வைத்து எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன், மூன்று வாரம் வீட்டில் நடப்பதோடு சரி, மறுபடி எடுப்போம் என்றார். அப்போதும் முன்பக்கம் எரிந்தால் அது பஸ்கி இல்லை, நோய்.

அந்த மூன்று வாரம் தௌசீஃப் பட்ட பாட்டுக்கு நோயே தேவலாம். வலி இரண்டே நாளில் போய்விட்டது. காலில் வேகம் நின்றுகொண்டிருந்தது, ஓட விடாமல் கட்டிப்போட்ட குதிரை மாதிரி. அறிவு வாசலுக்கு வந்து ஆட்டுக்கால் சூப்பை வைத்துவிட்டு, நவ்ரீன் கண்ணில் படுவதற்குள் ஓடினான்.

மூன்றாவது படம் வந்தது. டாக்டர் மூன்றையும் வரிசையாகத் திரையில் போட்டார். தௌசீஃப் நாற்காலியிலிருந்து எழுந்து திரைக்குப் பக்கத்திலேயே போய்விட்டான், கைப்பிடியைத் தொடாமல். கடைசிப் படத்தில் முன்பக்கம் கறுப்பு. பின்பக்கம் கறுப்பு. நல்ல, அடர்ந்த, தார் ரோடு மாதிரிக் கறுப்பு.

"அமந்துபோச்சா டாக்டரம்மா?"

"அமந்துபோச்சு. மருந்து வேலை செய்யுது."

இன்னொரு வகைப் படத்தையும் காட்டினார். சதைக்கு நடுவில் மெல்லிய கீற்றுகள். நோய் முழுசாகத் தின்றுவிட்ட இடத்தில் கொழுப்பு உட்கார்ந்திருக்கிறது, அது திரும்பி வராது என்றார். பழைய தௌசீஃப் ஆக மாட்டான், ஆனால் இருப்பதை வைத்து நிறையச் செய்யலாம். இன்றிலிருந்து மாத்திரை குறைகிறது. வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது, நிறுத்தி வைத்த வண்டியில் உட்கார்ந்து பார்க்கலாம். அடுத்த ஸ்கேனுக்கு முன்னால் ஜிம் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது.

நேராக அவன் வண்டி நிற்கும் எர்ணாவூர் யார்டுக்குப் போனார்கள். வெயில் தகரத்தில் அடித்து எகிறியது. அறிவு போனிலேயே சேதி கேட்டு முன்னால் வந்து நின்றிருந்தான். நவ்ரீன் அவனைப் பார்த்து, உன்னை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன் என்பதுபோல் விரலை ஆட்டினாள்.

தௌசீஃப் கேபின் கம்பியைப் பிடித்து ஏறினான். ஒரு படியில் நின்று மூச்சு வாங்கினான். யாரும் கைகொடுக்கவில்லை, அவன் கொடுக்க விட்டிருக்கவும் மாட்டான். சீட்டில் உட்கார்ந்து இடது காலைத் தூக்கி வைத்தான். கிளட்ச் தரை வரைக்கும் போனது. கால் கொஞ்சம் ஆடியது. ஆனால் மிதியை விடவில்லை.

"இன்னா மாமு, போவுதா?" என்று கீழேயிருந்து கேட்டான் அறிவு.

தௌசீஃப் காலை எடுத்தான். திரும்பவும் மிதித்தான்.